அரசியல் படுகொலை என்றால் என்ன? மராவின் கொலையை முன்வைத்து ஓர் எளிய விளக்கம்

அரசியல்வாதி ஒருவர் கொல்லப்பட்டுவிட்டால் அதை உடனே அரசியல் படுகொலை என்று எழுதிவிடுவது வழக்கமாக இருக்கிறது. ஆனால் சொத்துத் தகராறிலோ குடும்பப் பகையிலோ ஓர் அமைச்சர் வெட்டிக் கொல்லப்பட்டால் அது கொலைதானே தவிர அரசியல் படுகொலை ஆகாது. எந்தப் பதவியும் இல்லாத ஒரு பத்திரிகையாளர், தாம் எழுதியவற்றுக்காகவே கொல்லப்பட்டால் அது அரசியல் படுகொலைதான். கொல்லப்பட்டவர் பொதுவாழ்வில் வகித்த பங்குக்காகவே குறிவைக்கப்பட்டிருக்க வேண்டும். அவருடைய சாவினால் நாட்டின் போக்கு மாறும் என்று கொன்றவர் எண்ணியிருக்க வேண்டும். அந்தக் கொலை எந்தச் சட்டத்தின் பெயராலும் அல்லாமல் நடந்திருக்க வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி அரசு ஒருவரின் உயிரைப் பறிப்பது, அந்தத் தீர்ப்பு எவ்வளவு அநியாயமானதாக இருந்தாலும், வேறொரு வகையைச் சேர்ந்தது. வெறிகொண்ட கூட்டம் சிறைக்குள் புகுந்து கண்ணில் பட்டவர்களைக் கொல்வதும் வேறு வகை.

இந்தக் கருத்தைப் புரிந்துகொள்ள, பிரெஞ்சுப் புரட்சியின் நடுவே, 1793 ஜூலை 13 அன்று பாரிஸில் நடந்த ழான் பால் மராவின் கொலையை எடுத்துக்கொள்கிறேன். கொன்ற பெண் தன் நோக்கத்தை எழுத்திலும் நீதிமன்ற வாக்குமூலத்திலும் மிகத் தெளிவாகப் பதிவுசெய்திருக்கிறார் என்பது இதற்கு ஒரு காரணம். கொல்லப்பட்டவர் களங்கமற்றவர் அல்லர் என்பது இன்னும் முக்கியமான காரணம். மரா பிறருடைய தலைகளைக் கேட்டு எழுதியவர். கொல்லப்பட்டவர் நல்லவராக மட்டுமே இருந்திருந்தால் இந்தக் கேள்வி எளிதாகிவிடும்; மராவின் வழக்கில் அது எளிதாக இல்லை.

மருத்துவர் பத்திரிகையாளர் ஆன கதை

மரா 1743ஆம் ஆண்டு இன்றைய சுவிட்சர்லாந்தின் நெஷாத்தெல் பகுதியில் உள்ள பூத்ரி என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை சார்தீனியாவிலிருந்து வந்தவர். மரா இங்கிலாந்தில் பல ஆண்டுகள் மருத்துவராக வாழ்ந்தார். 1775இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் அவருக்கு மருத்துவப் பட்டம் அளித்தது. பின்னர் பாரிஸுக்கு வந்து, மன்னரின் தம்பியான அர்த்துவா கோமகனின் காவற்படைக்கு மருத்துவரானார். நெருப்பு, ஒளி, மின்சாரம் ஆகியவை குறித்து ஆய்வுகள் செய்து நூல்கள் எழுதினார். அறிவியல் கழகத்தார் அவற்றை ஏற்காததை அவர் கடைசிவரை மறக்கவில்லை. 1780இல் வெளியான குற்றவியல் சட்டத் திட்டம் ஒன்றில், பசியால் திருடியவனைத் தண்டிப்பதற்கு முன்பு அவன் உயிர்வாழ்வதற்கான வழியைச் சமூகம் அவனுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்று வாதிட்டார். பின்னாளில் அவர் எழுதிய கொடூரமான வரிகளைப் படிக்கும்போது, அந்தக் கோபம் எங்கிருந்து புறப்பட்டது என்பதை இந்த நூல் நமக்குச் சொல்கிறது என்றே நான் கருதுகிறேன்.

1789 ஆகஸ்டில் வெளியான மனித உரிமைப் பிரகடனம், எழுதவும் அச்சிடவும் குடிமக்களுக்கு உள்ள உரிமையை அறிவித்தது. அதற்கு முன்பு தணிக்கைக்கு அஞ்சி நடந்த அச்சகங்கள் திடீரென்று விடுதலை பெற, பாரிஸில் பத்திரிகைகள் பெருகின. அந்தச் செப்டம்பரில் மரா தொடங்கிய பத்திரிகைதான் ‘மக்களின் நண்பன்’. பெரும்பாலும் எட்டுச் சிறிய பக்கங்கள் கொண்ட அந்த இதழை அவர் ஏறத்தாழ ஒற்றை ஆளாகவே எழுதினார். கூவி விற்பவர்கள் அதைத் தெருத்தெருவாக எடுத்துச் சென்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மற்றவர்கள் உரக்கப் படித்துக் காட்டினார்கள். பத்திரிகையின் பெயரே ஆசிரியரின் பட்டப்பெயராகி, மராவை மக்கள் ‘மக்களின் நண்பன்’ என்றே அழைத்தார்கள்.

அவருடைய எழுத்தின் உயிர்நாடி அம்பலப்படுத்துவதுதான். அமைச்சர்கள், தளபதிகள், நகர மேயர், பிரதிநிதிகள் என யாரையும் அவர் பெயர் சொல்லித் துரோகி என்று எழுதினார். 1792 ஏப்ரலில் போர் தொடங்குவதற்கு முன்பே அதை எதிர்த்து எச்சரித்தவர்களில் அவரும் ஒருவர். பெரும் புகழோடு இருந்த தளபதி லஃபாயெத் புரட்சிக்கு எதிராகத் திரும்புவார் என்று அவர் நெடுநாளாகச் சொல்லிவந்தது 1792இல் மெய்யானது. இதனால் மக்களிடம் அவருக்குத் தீர்க்கதரிசி என்ற மதிப்பு உண்டாயிற்று. கைது ஆணைகள் துரத்தியபோது அவர் நிலவறைகளிலும் நண்பர்களின் வீடுகளிலும் ஒளிந்துகொண்டே எழுதினார். லண்டனுக்கும் தப்பிச் சென்று திரும்பினார்.

அதே பேனாதான் 1790 ஜூலையில், ஐந்நூறு அறுநூறு தலைகளை வெட்டியிருந்தால் உங்களுக்கு அமைதியும் சுதந்திரமும் மகிழ்ச்சியும் உறுதியாகியிருக்கும் என்று எழுதியது. 1792 செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் சிறைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் கொல்லப்பட்டபோது, மரா பாரிஸ் நகராட்சியின் கண்காணிப்புக் குழுவில் இருந்தார். அந்தக் கொலைகளை நியாயப்படுத்தி மற்ற ஊர்களுக்கு அனுப்பப்பட்ட சுற்றறிக்கையில் அவருடைய கையெழுத்து இருக்கிறது. கொன்றவர்கள் அவருடைய கட்டளைக்காகக் காத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கொலைகள் சரியே என்று சொல்லும் மனநிலையை உருவாக்கியதில் அவருக்குப் பங்கு இல்லை என்று சொல்லவும் முடியாது. மராவை நேசிக்கும் எழுத்தாளர்கள் பலரும் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகிறார்கள். அது நேர்மையான வாசிப்பு அல்ல.

1793இன் நெருக்கடி

அதே 1792 செப்டம்பரில் மரா தேசிய மாநாடு என்ற புதிய நாடாளுமன்றத்துக்கு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியரசு அறிவிக்கப்பட்டது, 1793 ஜனவரி 21 அன்று பதினாறாம் லூயி மன்னர் கில்லட்டின் என்ற தலைவெட்டும் எந்திரத்தில் கொல்லப்பட்டார். அதற்கு முந்தைய நாள்தான், மன்னரின் மரணத்துக்கு வாக்களித்த லெப்பெல்த்தியே என்ற உறுப்பினரை மன்னரின் முன்னாள் காவலர் ஒருவர் உணவு விடுதியில் குத்திக் கொன்றிருந்தார். ஆகவே மராவின் கொலை புரட்சியின் முதல் அரசியல் படுகொலை அல்ல. எல்லையில் ஐரோப்பிய வல்லரசுகளோடு போர், மேற்கே வாந்தே பகுதியில் மார்ச் முதல் உள்நாட்டுக் கிளர்ச்சி, நகரங்களில் ரொட்டிக்குத் தட்டுப்பாடு என்று நாடு தத்தளித்தது.

மாநாட்டுக்குள் இரண்டு அணிகள் மோதின. பாரிஸின் ஏழைமக்களோடு கைகோத்து நின்ற ரோபெஸ்பியர், தாந்தோன், மரா ஆகியோர் மலைக்கட்சியினர் எனப்பட்டனர். மாவட்டங்களின் ஆதரவு பெற்ற, பாரிஸின் ஆதிக்கத்தை வெறுத்த குடியரசுவாதிகள் ஜிரோண்டின்கள் எனப்பட்டனர். 1793 ஏப்ரலில் ஜிரோண்டின்கள் மராவின் மீது குற்றஞ்சாட்டி அவரைப் புரட்சித் தீர்ப்பாயத்துக்கு அனுப்பினார்கள். ஏப்ரல் 24 அன்று தீர்ப்பாயம் அவரை விடுவித்தது. மக்கள் அவரைத் தோளில் தூக்கி, தலையில் இலைமுடி சூட்டி மாநாட்டுக்கே கொண்டு வந்தார்கள். சக உறுப்பினர் ஒருவரைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்ற அந்த வழக்கம் ஆறு வாரங்களுக்குள் அதைத் தொடங்கியவர்கள் மீதே திரும்பியது. ஜூன் 2 அன்று ஆயுதம் தாங்கிய பாரிஸ் மக்கள் மாநாட்டைச் சூழ்ந்துகொள்ள, ஜிரோண்டின் உறுப்பினர்கள் 29 பேரைக் கைது செய்ய ஆணை பிறந்தது. அவர்களில் சிலர் தப்பி நோர்மாந்தியில் உள்ள கான் நகரத்துக்கு ஓடினார்கள்.

ஷார்லோத் கோர்தே

அந்த நகரத்தில் தன் அத்தை முறையான உறவினர் வீட்டில் வாழ்ந்துவந்தவர் ஷார்லோத் கோர்தே. வறுமைப்பட்ட பிரபுக் குடும்பத்தில் 1768இல் பிறந்தவர். பெரும் நாடக ஆசிரியரான கோர்னேயின் வழிவந்தவர். கன்னிமாடத்தில் கல்வி கற்றவர். பண்டைய உரோமக் குடியரசின் வீரர்களைப் படித்து வளர்ந்த அவருக்குக் கொடுங்கோலனைக் கொல்பவர் குற்றவாளி அல்லர், குடியரசைக் காத்தவர் என்ற எண்ணம் புதிதல்ல. அவரை மன்னராட்சியின் கையாள் என்று எதிரிகள் சித்திரித்தார்கள். புரட்சிக்கு முன்பிருந்தே தான் குடியரசுவாதி என்று அவர் நீதிமன்றத்தில் சொன்னார். அதை நம்பாதிருக்கக் காரணம் இல்லை. கானுக்கு ஓடிவந்த ஜிரோண்டின்களின் பேச்சைக் கேட்டார். அவர்களில் பார்பரூ என்பவரைச் சந்தித்தார். நாட்டில் ஓடும் இரத்தத்துக்கெல்லாம் மரா என்ற ஒரு மனிதரே ஊற்றுக்கண் என்று முடிவுசெய்தார்.

ஜூலை 9 அன்று கானிலிருந்து புறப்பட்டு 11 அன்று பாரிஸ் வந்து சேர்ந்தார். மாநாட்டின் அவையிலேயே, எல்லார் கண் முன்னாலும் மராவைக் கொல்வதுதான் அவருடைய திட்டம். ஆனால் தோல் நோய் முற்றியதால் மரா ஜூன் மாதத்திலிருந்தே அவைக்கு வருவதில்லை என்பது பாரிஸ் வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. வாழ்வின் முடிவை நெருங்கிக்கொண்டிருந்த, அதிகாரத்திலிருந்து ஏற்கெனவே விலகிப்போயிருந்த ஒரு நோயாளியைக் கொல்லத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்திருந்தார். இருந்தும் அவர் திரும்பிப் போகவில்லை.

13ஆம் தேதி காலையில் பலே ருவாயல் கடைத்தெருவில் அக்காலப் பிரெஞ்சுக் காசில் 40 சூ கொடுத்து ஒரு சமையல் கத்தி வாங்கினார். பிரெஞ்சு மக்களுக்கு எழுதிய அறிக்கை ஒன்றையும் தன் பிறப்புச் சான்றையும் உடைக்குள் குத்திவைத்துக்கொண்டார். தான் யார், ஏன் செய்தேன் என்பதைத் தன் பிணம்கூடச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார் போலும். கோர்தெலியே தெருவில் இருந்த மராவின் வீட்டிலிருந்து முதலில் திருப்பி அனுப்பப்பட்டார். கானில் நடக்கும் சதிகளைப் பற்றிச் செய்தி கொண்டுவந்திருப்பதாகக் கடிதம் அனுப்பிவிட்டு, மாலை ஏழு மணியளவில் மறுபடி வந்தார். மராவின் துணைவி சிமோன் எவ்ரார் வாசலில் தடுத்தார். உள்ளிருந்து பேச்சுச் சத்தத்தைக் கேட்ட மரா, அந்தப் பெண்ணை உள்ளே விடச் சொன்னார்.

காலணி வடிவில் அமைந்த செம்புத் தொட்டியில், எரிச்சலைத் தணிக்கும் தண்ணீருக்குள், தலையில் வினிகர் தோய்ந்த துணியைக் கட்டிக்கொண்டு மரா அமர்ந்திருந்தார். தொட்டியின் குறுக்கே ஒரு பலகை. அதன்மேல் தாள், மை, பேனா. கோர்தே கானில் இருந்த ஜிரோண்டின்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, மரா அவற்றை எழுதிக்கொண்டார். அவர்கள் அனைவரும் விரைவில் கில்லட்டினுக்குப் போவார்கள் என்று அவர் சொன்னதாகக் கோர்தே பின்னர் வாக்குமூலம் தந்தார். அப்போது கத்தி மராவின் வலது காறை எலும்புக்குக் கீழே இறங்கிப் பெரிய இரத்தக்குழாயை அறுத்தது. துணைவியை உதவிக்கு அழைத்த ஒற்றைக் கூவலோடு அவர் உயிர் பிரிந்தது. இதழ்களை மடித்துக்கொண்டிருந்த லோரான் பாஸ் என்ற பணியாளர் நாற்காலியால் அடித்துக் கோர்தேவை வீழ்த்தினார். அவர் தப்பி ஓட முயலவே இல்லை.

இரண்டு கணக்குகள்

நான்கே நாட்களில், ஜூலை 17 அன்று, வழக்கும் தண்டனையும் முடிந்தன. ஒரு லட்சம் பேரைக் காப்பாற்ற ஒருவனைக் கொன்றேன் என்று கோர்தே நீதிமன்றத்தில் சொன்னார். மராக்கள் எல்லாரையும் கொன்றுவிட்டதாக எண்ணுகிறாயா என்று கேட்டபோது, இவன் செத்ததால் மற்றவர்கள் ஒருவேளை பயப்படலாம் என்று பதிலளித்தார். அன்று மாலை, தந்தையைக் கொன்றவர்களுக்கு அணிவிக்கும் சிவப்புச் சட்டையில் அவரைக் கில்லட்டினுக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அவருக்கு 25 வயது நிறைய இன்னும் பத்து நாட்கள் இருந்தன.

அரசியல் படுகொலை என்ற கருத்தின் மையம் இந்த இரண்டு பதில்களில்தான் இருக்கிறது. முதல் பதில் உயிர்களை எண்ணிக் கூட்டிக் கழிக்கும் கணக்கு. அதை மராவின் 1790ஆம் ஆண்டு வரியோடு சேர்த்துப் படித்துப் பாருங்கள். ஐந்நூறு தலைகள் போனால் நாடு பிழைக்கும் என்றார் மரா. ஒரு தலை போனால் ஒரு லட்சம் பேர் பிழைப்பார்கள் என்றார் கோர்தே. ஒருவரையொருவர் முற்றாக வெறுத்த இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள். கொல்லப்படுபவரின் எண்ணிக்கை கண்ணுக்குத் தெரிகிறது, காப்பாற்றப்படுவோரின் எண்ணிக்கையோ வெறும் கற்பனை என்பதை இருவருமே கவனிக்கவில்லை.

இரண்டாவது பதில் இன்னும் கூர்ந்து நோக்கத் தக்கது. ஒரு மனிதரைக் கொன்றால் அவருடைய அரசியலை மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. ரொட்டி விலை, போர், துரோகம் பற்றிய அச்சம், மாவட்டங்களின் கலகம் ஆகியவை சேர்ந்து உண்டாக்கிய கோபத்துக்கு மரா குரல் கொடுத்தார். அந்தக் கோபத்தை அவர் படைக்கவில்லை. வெப்பமானியை உடைப்பதால் காய்ச்சல் இறங்குவதில்லை. மரா வெறுமனே அளந்து காட்டிய கருவி அல்லர், காய்ச்சலைக் கூட்டியவரும்கூட என்று நீங்கள் மறுக்கலாம். அது நியாயமான மறுப்பே. அப்படியிருந்தும் அவருடைய மரணத்துக்குப் பிறகு நடந்தவை கோர்தேவின் எண்ணத்துக்கு நேர்மாறாகவே அமைந்தன.

கொலைக்குப் பின்

கத்தி இறங்கிய அதே ஜூலை 13 அன்று, கானிலிருந்து பாரிஸை நோக்கிப் புறப்பட்ட ஜிரோண்டின் ஆதரவுப் படை, பாசி என்ற ஊருக்கு அருகே சிறிய மோதலிலேயே சிதறி ஓடியது. கோர்தே உதவ நினைத்த அரசியலுக்குப் படையும் இல்லை, இப்போது பழியும் வந்து சேர்ந்தது. கொலையாளி கானிலிருந்து வந்தவர், பார்பரூவுக்குச் சிறையிலிருந்து கடிதம் எழுதியவர் என்பதே சிறையிலிருந்த ஜிரோண்டின்களைக் கொலைச் சதிகாரர்களாகக் காட்டப் போதுமானதாக இருந்தது. அவர்களில் ஒருவரான வெர்னியோ, அவள் நம்மைக் கொல்கிறாள், ஆனால் எப்படிச் சாவது என்று நமக்குக் கற்றுத்தருகிறாள் என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. அக்டோபர் 31 அன்று வெர்னியோ உட்பட ஜிரோண்டின்கள் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார்கள்.

புரட்சியின் எதிரிகள் எனப்பட்டோரைப் பெருந்தொகையில் கில்லட்டினுக்கு அனுப்பிய பயங்கர ஆட்சி மராவின் கொலையால்தான் வந்தது என்று சொல்வது மிகை. போரும் உள்நாட்டுக் கலகமும் அதற்கு முன்பே அந்தப் பாதையைத் திறந்துவிட்டிருந்தன. ஆனால் துரோகிகள் எங்கும் மறைந்திருக்கிறார்கள் என்று நான்கு ஆண்டுகளாக மரா கத்திக்கொண்டிருந்ததற்கு, அவருடைய சொந்த வீட்டிலேயே சான்று கிடைத்துவிட்டது. சதிகளைப் பற்றிச் செய்தி சொல்ல வந்தவர் போல வந்த ஒரு பெண்ணிடம் கத்தி இருந்தது என்றால், எவரைத்தான் நம்புவது? சந்தேகத்தின் பேரிலேயே ஒருவரைக் கைதுசெய்ய வழிவகுத்து, செப்டம்பர் 17 அன்று நிறைவேறிய சந்தேகத்துக்குரியோர் பற்றிய சட்டத்தை, இந்த அச்சத்தின் பின்னணியில் படித்தால்தான் அதன் வேகம் புரியும்.

அவருடைய குரலும் அடங்கவில்லை. ழாக் ரூ என்ற தீவிரப் பாதிரியார் மராவின் ஆவியின் பெயரால் அவருடைய இதழைத் தொடர்ந்து நடத்தினார். லெக்ளேர் என்ற இளைஞர் ‘மக்களின் நண்பன்’ என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். இருவரும் மராவைவிடத் தீவிரமானவர்கள். ஆகஸ்ட் 8 அன்று சிமோன் எவ்ரார் மாநாட்டின் முன் நின்று, தன் கணவரின் பெயரைத் திருடிக்கொள்கிறார்கள் என்று அவர்கள் மீது முறையிட்டார். இறந்தவரால் மறுத்துப் பேச முடியாது என்பதால், அவர் பெயரில் எதை வேண்டுமானாலும் பேச இடம் உண்டாகிவிடுகிறது.

மரா உயிரோடிருக்கும்போது அவரைத் தங்களோடு சேர்த்துக்கொள்ளத் தயங்கியவர்கள்கூட, இறந்த பிறகு அவரைத் தியாகி ஆக்கினார்கள். அதில் ஓவியர் ழாக் லூயி தாவீதின் பங்கு மிகப் பெரியது. அவர் மாநாட்டின் உறுப்பினர். கொலைக்கு முந்தைய நாள் மலைக்கட்சியினர் கூடிய அரசியல் மன்றமான ஜேக்கோபின் மன்றத்தின் சார்பில் மராவை நலம் விசாரித்து வந்தவர். இறுதிச் சடங்குக்குப் பொறுப்பேற்றவர். இன்று பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய ஓவியத்தில் மராவின் உடலில் நோயின் தழும்பே இல்லை. சிலுவையிலிருந்து இறக்கப்பட்ட இயேசுவின் உடலைப் போலக் கை தொங்குகிறது. துன்பப்படுகிறேன் என்பதே உங்கள் கருணைக்குப் போதிய தகுதி என்ற பொருளில் கோர்தே எழுதியதாகக் காட்டும் கடிதம் இறந்தவரின் கையில் இருக்கிறது. பக்கத்து மரப்பெட்டியின் மேல், நாட்டுக்காகக் கணவனை இழந்த, ஐந்து குழந்தைகளின் தாய் ஒருத்திக்குக் கொடுக்கச் சொல்லும் சீட்டோடு ஒரு காகிதப் பணத்தாள். அத்தகைய கடிதம் ஒன்றைக் கோர்தே எழுதியது உண்மை, ஆனால் அது மராவின் கைக்குப் போய்ச் சேரவில்லை. ஏழைக்கு இரங்கியதாலேயே அவர் கொல்லப்பட்டார் என்று வாதாடும் வழக்கறிஞரின் உரையாகவே அந்த ஓவியம் வரையப்பட்டிருக்கிறது. ஐந்நூறு தலைகளைக் கேட்டவர் அதில் எங்கும் இல்லை. கொலை அவரை விமர்சனத்துக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது.

கோர்தேவுக்கும் இதே கதிதான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தின் சார்பில் வந்திருந்த ஆதம் லுக்ஸ் அவரைப் புகழ்ந்து எழுதி நவம்பரில் அதற்காகவே தலையை இழந்தார். மலைக்கட்சிப் பத்திரிகைகளோ, ஒரு பெண் தானாகச் சிந்தித்து இதைச் செய்திருக்க முடியாது, பின்னால் ஆண்கள் இருந்திருக்க வேண்டும் என்று எழுதின. அது இல்லையென்று ஆனபோது, அவளிடம் பெண்மையே இல்லை என்று எழுதின. அவர் தெளிவாகச் சொன்ன காரணத்தை இரு தரப்பாரும் கேட்கவில்லை என்பது எனக்கு வருத்தம் தருகிறது. அவர் செய்தது தவறு. ஆனால் அது அவர் தானே யோசித்து, தானே முடிவெடுத்துச் செய்த அரசியல் செயல். அக்டோபர் இறுதியில் பெண்களின் அரசியல் மன்றங்கள் தடைசெய்யப்பட்டதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், அரசியலில் இறங்கும் பெண் இயல்புக்கு மாறானவள் என்ற பேச்சுக்கு இந்தக் கொலை எளிய உதாரணமாகப் பயன்பட்டது.

தியாகி மராவின் வாழ்வும் நீடிக்கவில்லை. லெ ஆவ்ர் துறைமுக நகரம் சில காலம் அவர் பெயரைச் சேர்த்துக்கொண்டது. ஊர் ஊராக அவருடைய மார்பளவுச் சிலைகள் வைக்கப்பட்டன. 1794 ஜூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்த பிறகும்கூட, அந்த ஆண்டு செப்டம்பர் 21 அன்று மராவின் உடல் நாட்டின் மாமனிதர்களுக்கான பாந்தியோன் மண்டபத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுசெல்லப்பட்டது. சில மாதங்களில் காற்று மாறியது. இளைஞர் கும்பல்கள் அவருடைய சிலைகளை உடைக்கத் தொடங்கின. இறந்து பத்து ஆண்டுகள் ஆகாத எவருக்கும் பாந்தியோனில் இடமில்லை என்று 1795 பிப்ரவரியில் மாநாடு ஆணையிட்டது. மராவின் உடல் அங்கிருந்து அகற்றப்பட்டு, அருகிலிருந்த தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கப்பட்டது.